தடையாணை எங்கே? அடுக்கிலிருந்து பீரோவுக்குப் போன ஒரு நாவலைப் பற்றி

பழையபுத்தகம் எழுதியது:

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சென்ற வாரம் நடந்த ஒன்றைச் சொல்லி இந்த இழையைத் தொடங்குகிறேன். கல்லூரிக் கருத்தரங்கு ஒன்றுக்காக என் மகள் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலைக் கேட்டாள். வீட்டிலிருந்த பிரதியை இரவல் வாங்கிச் சென்றவர் யார் என்பதுகூட எனக்கு நினைவில்லாததால் நூலகத்துக்குப் போனேன். நாவல் அடுக்கில் அவருடைய பிற நூல்கள் நான்கைந்து வரிசையாக நின்றன. இது மட்டும் இல்லை. கேட்டபோது, நூலகர் தம் மேசைக்குப் பின்னாலிருந்த இரும்புப் பீரோவைக் கண்ணால் காட்டி, “உள்ளே இருக்கிறது, வெளியே கொடுப்பதில்லை, தடை செய்த புத்தகம் அல்லவா” என்றார். அந்த நாவல் ஒருநாளும் தடை செய்யப்படவில்லை என்று நான் சொன்னதும் அவர் உண்மையாகவே வியந்தார். அவர் இந்தக் கிளைக்கு வந்து மூன்று ஆண்டுகள்தாம் ஆகின்றன. முன்பிருந்தவர் பீரோச் சாவியோடு இந்தச் செய்தியையும் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். 2010இல் காலச்சுவடு வெளியிட்ட அந்த நாவல் நான்கு ஆண்டுகள் யாருடைய தூக்கத்தையும் கெடுக்காமல் விற்றது. 2013இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. பிள்ளையில்லாத பெண்கள் திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் ஓர் இரவில் முன்பின் தெரியாத ஆணுடன் கூடிப் பிள்ளை பெறுவதும், அப்படிப் பிறந்ததைச் ‘சாமி கொடுத்த பிள்ளை’ என்பதும் பழைய வழக்கமாக நாவலில் வருகின்றன. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அந்தச் சில பக்கங்கள் மட்டும் நகலெடுத்துப் பரப்பப்பட்டன, பிரதிகள் எரிக்கப்பட்டன, ஜனவரியில் கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ நடந்தது. எழுத்தாளர் வருத்தம் தெரிவிக்கத் தயாராக இருந்தார். எதிர்த் தரப்புக்கு நிபந்தனையற்ற மன்னிப்பு வேண்டியிருந்தது. கடைசியில் அப்படியே எழுதி, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். அடுத்து, எழுத்தாளனாகத் தாம் இறந்துவிட்டதாக முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோரின் அமர்வு, அந்தக் கையெழுத்து எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்து, அவரை மீண்டும் எழுதச் சொல்லி முடித்தது.

இந்த வரிசையில் ‘தடை’ என்னும் அரசாணை எந்த இடத்திலும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆணை இல்லாமலே ஒரு புத்தகம் பீரோவுக்குள் போயிருக்கிறது. தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் வெளியே வரவில்லை. முறையாகப் பிறப்பிக்கப்படும் தடையாணையைவிட இதுதான் மோசமானது என்று எனக்குத் தோன்றத் தொடங்கியிருக்கிறது. இதை ஏற்காதவர்கள் எழுதுங்கள்.

மேல்முறையீடு எழுதியது:

சட்டத்தைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் உங்கள் ஐயத்துக்கு வலுச் சேர்க்கிறேன். ஒரு நூலைப் பறிமுதல் செய்ய மாநில அரசுக்கு வழி இருக்கிறது. அண்மைக்காலம் வரை அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆவது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 98ஆவது பிரிவாக எண் மாறியிருக்கிறது. பலரும் அதை வெறும் அடக்குமுறைப் பிரிவு என்றே நினைக்கிறார்கள். ஆனால் அதைப் பயன்படுத்துவதற்கு அரசு பொது அறிவிக்கை வெளியிட வேண்டும். எந்தக் குற்றத்தின் கீழ் நூல் வருகிறது என்று சொல்ல வேண்டும். தன் முடிவுக்கான காரணங்களை அந்த அறிவிக்கையிலேயே எழுத வேண்டும். நூலில் அக்கறை உள்ள எவரும் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு அதைக் கேட்க வேண்டும்.

காரணம் எழுத வேண்டும் என்ற அந்தச் சிறிய தேவை எவ்வளவு கூர்மையானது என்பதற்கு நம்மவர் தொடர்புடைய வழக்கு ஒன்றே போதும். பெரியார் இராமாயணத்தைப் பற்றி எழுதிய நூலின் இந்தி வடிவத்தை லலாய் சிங் யாதவ் வெளியிட்டார். 1969 டிசம்பரில் உத்தரப் பிரதேச அரசு ஆங்கில, இந்திப் பதிப்புகள் இரண்டையும் பறிமுதல் செய்தது. புண்படுத்தும் வரிகள் எந்தெந்தப் பக்கத்தில் உள்ளன என்று அட்டவணை போட்டு இணைத்த அரசு, அவை ஏன் குற்றமாகின்றன என்பதை எழுதவில்லை. 1971இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. அரசின் மேல்முறையீட்டை 1976 செப்டம்பரில், நெருக்கடி நிலை நடப்பில் இருந்த காலத்தில், உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ண ஐயர் இடம்பெற்ற அமர்வு தள்ளுபடி செய்தது. பக்க எண்ணைக் காட்டுவது காரணம் சொல்வதாகாது என்பதே அதன் சாரம்.

இப்போது நாமக்கல் பேச்சுவார்த்தையை இதன் பக்கத்தில் வையுங்கள். அங்கே யார் ஆணையிட்டார்? யாரும் இல்லை. என்ன காரணம்? எழுத்தாளரே கையெழுத்திட்டார் என்பதுதான் காரணம். எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது? தம் சொந்தக் கையெழுத்தை எதிர்த்து ஒருவர் எங்கே போவார்? உயர் நீதிமன்றத்துக்கு முதலில் போனவர்களில் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன் இருந்தார் என்பதும், தீர்ப்பு அவர் பெயரிலேயே வழங்குகிறது என்பதும் தற்செயல் அல்ல. ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ என்பது தேர் எந்தத் தெரு வழியாகப் போவது, எந்தச் சாதிக்கு எந்த நாள் மண்டகப்படி என்பவற்றுக்காக வருவாய்த் துறையினர் வழக்கமாகக் கூட்டுவது. நாவலைத் தேர்த் தகராறாகக் கருதியதில்தான் கோளாறு தொடங்கியது.

மலையடிவாரம் எழுதியது:

நான் திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்தவன். புத்தகத்தை எரித்தது தவறு என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. எரித்தவர்களோடு நான் நிற்கவும் இல்லை. ஆனால் இந்த இழையைப் படிக்கிறவர்கள், எதிர்த்தவர்கள் எல்லோரும் படிக்காதவர்கள், யாரோ தூண்டிவிட்டு வந்தவர்கள் என்று எண்ணிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என் அம்மாயிக்குத் திருமணமாகி எட்டு ஆண்டுகள் குழந்தை இல்லை. மலைமீதுள்ள வறடிக்கல்லைச் சுற்றி வந்தார், வேண்டாத கோயில் இல்லை, அதன் பிறகு என் அம்மா பிறந்தார். எங்கள் வீட்டில் இதைப் பெருமையாகத்தான் சொல்வார்கள். என் அம்மாவுக்கு அம்மனின் பெயரை வைத்ததே அதனால்தான். 2015 ஜனவரியில் நகலெடுத்த அந்தப் பக்கங்கள் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்த மறுநாள், டீக்கடையில் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பார்த்து, உங்கள் அம்மாவும் சாமி கொடுத்த பிள்ளைதானே என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்ன சொன்னது என்பது நாவலைப் படித்தவர்களுக்குப் புரியும். நான் கையில் இருந்த டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

கற்பனை என்கிறீர்கள். கற்பனை என்றால் ஊருக்கும் கற்பனைப் பெயர் வைத்திருக்கலாமே? தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் என்று நாள்வரை குறித்துவிட்டு, இது யாரையும் குறிப்பிடுவதல்ல என்றால் அந்த ஊரில் குடியிருப்பவன் எப்படி எடுத்துக்கொள்வான்? எழுதுகிறவருக்கு உரிமை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுதப்படுகிறவருக்கு ஒன்றுமே கிடையாதா என்பதுதான் என் கேள்வி.

பழையபுத்தகம் எழுதியது:

மலையடிவாரம் ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். டீக்கடையில் அந்த ஆள் சிரித்தது நாவலைப் படித்தா, நகலைப் படித்தா என்று கேட்கத் தோன்றுகிறது. நாவலில் வரும் காளியும் பொன்னாவும் சுதந்திரத்துக்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தவர்கள். பிள்ளையில்லை என்பதற்காக ஊர் அவர்களைப் படுத்துகிற பாடுதான் நூலின் பெரும்பகுதி. கலியாண வீட்டில் ஒதுக்கப்படுவதும், காட்டில் விதை தூவக்கூட அந்தப் பெண்ணை விடாததும், இரண்டாம் திருமணப் பேச்சும் பக்கம் பக்கமாக வருகின்றன. உங்கள் அம்மாயி அந்த எட்டு ஆண்டுகளில் கேட்டிருக்கக்கூடிய சொற்கள் அவை. நகலெடுத்தவர்கள் அந்தப் பக்கங்களைத் தொடவில்லை. ஆகையால் உங்கள் வீட்டை நோக்கி நீட்டப்பட்ட விரல் எழுத்தாளருடையது அல்ல, நகல் எடுத்தவருடையது என்றுதான் நான் சொல்வேன்.

ஊர்ப் பெயர் பற்றிய உங்கள் கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சேர்க்கைஎண் எழுதியது:

முப்பத்தோரு ஆண்டுகள் பொது நூலகத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நூலகர்மீது கோபம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காக எழுதுகிறேன்.

எங்கள் துறையில் ‘தணிக்கை’ என்ற சொல்லுக்குப் பொருளே வேறு. தணிக்கை என்றால் ஆடிட். சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள எண்ணும் அடுக்கில் உள்ள புத்தகமும் ஒத்துப் போகிறதா என்று பார்க்க வருகிறவர்கள். ஒத்துப் போகவில்லை என்றால் விலையை நூலகர் கட்ட வேண்டும். நான் இருந்த ஒரு கிளையில் காணாமல் போன அகராதி ஒன்றுக்கு மூன்று மாதச் சம்பளத்தில் தவணையாகக் கட்டியிருக்கிறேன். இப்படிப்பட்ட நிலையில் ஊரில் ஒரு புத்தகத்தை எரிக்கிறார்கள் என்று செய்தி வந்தால் நூலகர் முதலில் என்ன நினைப்பார்? கருத்துச் சுதந்திரத்தையா? யாராவது வந்து கிழித்தால் யார் கட்டுவது என்றுதான் நினைப்பார். எடுத்து உள்ளே வைப்பார். பிறகு மாறுதலில் போய்விடுவார். அடுத்து வருகிறவருக்கு ‘உள்ளே வைத்த புத்தகம்’ என்ற அளவில்தான் அது தெரியும். இரண்டு மாறுதலுக்குப் பிறகு ‘தடை செய்த புத்தகம்’ ஆகிவிடும்.

வாய்மொழியாகத் தொலைபேசியில் வரும் அறிவுரை இன்னொன்று. “அதைக் கொஞ்ச நாள் வெளியே வைக்க வேண்டாமே” என்று மேலிருந்து ஒருவர் சொல்வார். எழுத்தில் தாருங்கள் என்று கேட்ட நூலகர் யாரையும் என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை, நானும் கேட்டதில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி மக்கள் தம் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறார்கள், புத்தகம் அவர்களுடைய பணத்தில் வாங்கியது என்பதெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் தொலைபேசி அடிக்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை.

மெய்ப்புத்திருத்தி எழுதியது:

சேர்க்கைஎண் ஐயா சொன்னது பீரோவுக்குள் போன புத்தகத்தின் கதை. பீரோ வரைக்கும் வராத புத்தகங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டும். சிறு பதிப்பகம் ஒன்றில் பல ஆண்டுகளாக மெய்ப்புப் பார்க்கிறேன்.

2015க்குப் பிறகு எங்களிடம் வந்த ஒரு நாவல். எழுதியவர் கிராமத்து ஆசிரியர், முதல் நூல். சாதிப் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் உள்ளபடியே இருந்தன. முதல் மெய்ப்பு பதினேழு ஃபாரம் வந்தது. பதிப்பாளர் என்னிடம், “பெயர்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள், அவரே முடிவு செய்யட்டும்” என்றார். வட்டமிட்டேன். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். மாற்றுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்த மெய்ப்பில் ஊர்ப் பெயர் இருந்த இடமெல்லாம் ‘ஊர்’ என்று மட்டும் இருந்தது. சாதிப் பெயர் இருந்த இடத்தில் ‘அவர்கள்’. ஒரு பக்கத்தில் இரண்டு தரப்புமே ‘அவர்கள்’ ஆகிவிட்டதால் யார் யாரை அடித்தார்கள் என்பதே விளங்கவில்லை. கோயில் கிணற்றில் நீர் எடுக்கப் போகும் காட்சி ஒன்று, ஏழு பக்கம், முழுவதும் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது. அந்த ஏழு பக்கமும்தான் அந்த நாவல். நான் வட்டமே போடாத பக்கங்கள் அவை.

புத்தகம் வந்தது, முந்நூறு பிரதி, யாரும் எதிர்க்கவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. வட்டமிட்ட பென்சில் என்னுடையது என்பதால் அந்த நூலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தடைகளின் வரலாறு எழுதுகிறவர்கள் இப்படிப்பட்டவற்றை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

கணக்குவாத்தியார் எழுதியது:

எல்லோரும் ஒரே திசையில் போகிறீர்கள். ஒரு சமூகத்தைப் பூண்டோடு அழிக்க வேண்டும் என்று ஒருவன் துண்டு நூல் அச்சடித்து வீதியில் கொடுத்தால் அதையும் அடுக்கில் வைப்பீர்களா? எங்காவது கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்?

மேல்முறையீடு எழுதியது:

ஆம், கோடு போட வேண்டும். போடுகிறவர் யார், எங்கே போடுகிறார் என்பதுதான் நம் பேச்சு. நீங்கள் சொல்லும் துண்டு நூலுக்கு எதிராக அந்தப் பிரிவு இருக்கிறது; அரசு காரணத்தை எழுதட்டும், எதிர்ப்பவர் நீதிமன்றத்துக்குப் போகட்டும், மூன்று பேர் உட்கார்ந்து படித்துப் பார்த்து முடிவு சொல்லட்டும். சிவாஜியைப் பற்றி ஜேம்ஸ் லெய்ன் எழுதிய நூலை மகாராஷ்டிர அரசு 2004 ஜனவரியில் இப்படித்தான் பறிமுதல் செய்தது. அதே மாதம் புணேயின் பண்டார்கர் ஆய்வு நிறுவனம் சூறையாடப்பட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் பறிமுதலை ரத்து செய்ய, 2010இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. ஆறு ஆண்டுகள் ஆயின என்று குறை சொல்லலாம். ஆனால் எதை ரத்து செய்தார்கள் என்பதற்கு ஒரு தாள் இருந்தது.

கூட்டம் கூடிவிட்டது, கலவரம் வரும், ஆகவே எழுதியவர் விட்டுக்கொடுக்கட்டும் என்ற வாதத்துக்கும் நம் மாநிலத்திலிருந்தே போன வழக்கு ஒன்றில் பதில் இருக்கிறது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ திரைப்படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வழங்கப்பட்ட பிறகு உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1989இல் அந்தப் படத்துக்குச் சான்றிதழை மீட்டுக் கொடுத்த உச்ச நீதிமன்றம், ஆர்ப்பாட்டம் நடக்கும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சுரிமையை ஒடுக்கக் கூடாது, எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க இயலவில்லை என்று அரசு கைவிரிக்கவும் கூடாது என்றது. இட ஒதுக்கீட்டைக் குறை சொல்லும் அந்தப் படத்தின் கருத்து எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. தீர்ப்பு எனக்கு உடன்பாடு. நாமக்கல்லில் அன்று அதிகாரிகள் கையில் இருந்திருக்க வேண்டியது இந்தத் தீர்ப்பு.

மலையடிவாரம் எழுதியது:

மெய்ப்புத்திருத்தி எழுதியது என்னை வேறு ஒன்றை நினைக்க வைத்தது. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டிருக்கலாமே என்று நான் கேட்டேன் அல்லவா? எடுத்துவிட்ட புத்தகம் எப்படி இருக்கும் என்று அவர் காட்டிவிட்டார். யார் யாரை அடித்தார்கள் என்று விளங்காத பக்கம் யாருக்கும் உதவாது; அடிபட்டவர்களுக்கு முதலில் உதவாது.

எங்கள் கொங்குப் பகுதியில் பிறந்த இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஓலவலசு புலவர் குழந்தை. இராவணனைத் தலைவனாக்கி அவர் பாடிய ‘இராவண காவியம்’ 1946இல் வந்தது. 1948இல் அரசு அதைத் தடை செய்தது. 1971இல்தான் தடை நீங்கியது. இருபத்துமூன்று ஆண்டுகள். மறு ஆண்டே புலவர் காலமானார். என் தந்தை பள்ளிப் பருவத்தில் அதைத் தாளில் கையால் படியெடுத்து வைத்திருந்தவர் ஒருவரிடம் வாங்கிப் படித்ததாகச் சொல்வார். தடை என்று அரசே அறிவித்திருந்ததால் அது தடை செய்யப்பட்ட நூல் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனாலேயே தேடிப் படித்தார்கள். அந்த வகையில் மேல்முறையீடும் பழையபுத்தகமும் சொல்வதில் உண்மை இருக்கிறது. இருபத்துமூன்று ஆண்டு என்பதை மட்டும் மறந்துவிட்டு, முறையான தடையே மேல் என்று கொண்டாடிவிடாதீர்கள். அந்தப் புலவருக்கு யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

என் வருத்தம் வருத்தமாகவே இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. வருவாய் அலுவலரின் அறை அதற்கான இடம் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சுன்னாகத்துவாசகி எழுதியது:

இப்படிப்பட்ட விவாதங்களில் யாராவது யாழ்ப்பாண நூலகத்தை இழுத்து வருவார்கள். இன்னும் யாரும் இழுக்கவில்லை என்பதால் நானே முந்திக்கொண்டு, தயவுசெய்து இங்கே அதைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்கிறேன். 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த அந்தக் கட்டடத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. அவற்றுள் எந்த நூல் எவரைப் புண்படுத்தியது என்று எரித்தவர்கள் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டியதில்லை. அது வேறு.

உங்கள் பேச்சுக்கு நெருக்கமானது என் அப்பா செய்தது. இராணுவம் வீடு வீடாகச் சோதனை செய்த நாட்களில், எந்தப் புத்தகம் ஆபத்தானது என்று எவரும் பட்டியல் தரவில்லை. அதனால் எல்லாமே ஆபத்தானவை ஆயின. சிவப்பு அட்டை போட்ட புத்தகங்களை முதலில் எடுத்தார். பிறகு ‘விடுதலை’ என்ற சொல் தலைப்பில் உள்ளவற்றை எடுத்தார். அதில் பாரதியைப் பற்றிய ஒரு பள்ளிக்கூட நூலும் போனது. இரண்டு உரப்பைகளில் கட்டி வளவின் பின்பக்கம் புதைத்தார். தோண்டி எடுத்தபோது கறையான் போக மிஞ்சியது அட்டைகள்தான். ஆயுதம் வைத்திருந்த ஒரு தரப்புக்கு மட்டும் பயந்த காலமும் இல்லை அது. எல்லாத் தரப்பின் வன்முறையையும் பதிவு செய்த ‘முறிந்த பனை’ நூலை எழுதியவர்களில் ஒருவரான மருத்துவர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் நாட்குறிப்புக்கூட எழுதவில்லை. எழுதாதே என்று எங்களிடம் ஒருவரும் சொன்னதில்லை.

மேல்முறையீடு எழுதியது:

பழையபுத்தகம் அவர்களுக்குச் செய்வதற்கு ஒரு வேலை சொல்கிறேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நூலக அலுவலகத்துக்கு ஒரு மனுப் போடுங்கள். புத்தகத்தை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லத் தேவையில்லை என்று திருப்பிவிடுவார்கள். இன்ன சேர்க்கை எண் கொண்ட நூலை இரவல் வழங்குவதிலிருந்து நிறுத்தி வைத்த ஆணையின் நகல் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.

ஆணையைக் கேட்பதில் என்ன பயன் என்று நினைக்க வேண்டாம். சல்மான் ருஷ்டியின் ‘தி சாட்டானிக் வெர்சஸ்’ நாவல் 1988 அக்டோபரில் இந்தியாவுக்குள் வராமல் தடுக்கப்பட்டது. நூல் பறிமுதல்கூட அல்ல, சுங்கச் சட்டத்தின் கீழ் இறக்குமதிக்குத் தடை. அதை இறக்குமதி செய்ய விரும்பிய ஒருவர் 2019இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து அந்த அறிவிக்கையைக் கேட்டார். அதிகாரிகள் தேடினார்கள், கிடைக்கவில்லை. 2024 நவம்பரில் நீதிமன்றம், அப்படியோர் அறிவிக்கை இல்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது என்று சொல்லி வழக்கை முடித்தது. முப்பத்தாறு ஆண்டுகள் நாடே நம்பிய தடைக்கு ஒரு தாள்கூட மிஞ்சவில்லை. அடுத்த மாதமே தில்லியில் புத்தகம் விற்பனைக்கு வந்தது.

சேர்க்கைஎண் எழுதியது:

மனுவில் சேர்க்கை எண்ணை மறக்காமல் எழுதுங்கள். தலைப்பை மட்டும் எழுதினால், மாவட்டம் முழுவதும் எந்தெந்தக் கிளையில் உள்ளது என்று தொகுக்க இயலாது என்று பதில் வரும். எண் நூலின் உள் அட்டையிலும் பதினேழாம் பக்கத்தின் அடியிலும் இருக்கும். இப்படி எண் குறிக்கும் உட்பக்கத்தை நாங்கள் இரகசியப் பக்கம் என்போம், சில கிளைகளில் அது வேறாக இருக்கலாம். நூலைத் தர மறுத்தாலும் பதிவேட்டைப் பார்த்து எண்ணைச் சொல்ல அந்த நூலகர் மறுக்க மாட்டார்.

பழையபுத்தகம் எழுதியது:

ஏழு வாரங்கள் கழித்து இந்த இழைக்குத் திரும்பி வருகிறேன். மனு அனுப்பிய இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. மேற்படி நூலைத் தடை செய்தோ, இரவல் வழங்குவதை நிறுத்தி வைத்தோ பிறப்பித்த ஆணை எதுவும் இவ்வலுவலகக் கோப்புகளில் இல்லை என்று ஒன்றரை வரியில் தட்டச்சு செய்து, முத்திரையோடு அனுப்பியிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளை நூலகத்துக்குப் போனேன். நூலகர் இரண்டு முறை படித்தார். நகல் ஒன்று தனக்கு வேண்டும் என்றார். எதிர்க் கடையில் எடுத்துக் கொடுத்தேன். அதைக் கோப்பில் சேர்த்துவிட்டுத்தான் பீரோவைத் திறந்தார். நாவல் புதிதாகவே இருந்தது. பின் அட்டையின் உட்புறம் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் ஒன்பது முத்திரைகள். ஒன்பதாவது 2014 டிசம்பர் முதல் வாரத்தது. அதற்குக் கீழே பத்தாவதாக என் மகளின் தேதியைக் குத்திக் கொடுத்தார். மகளின் கருத்தரங்கு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் படித்துக்கொண்டிருக்கிறாள், பூவரச மரத்தடிக் காட்சி வரை வந்திருக்கிறாள். மலையடிவாரம் ஐயாவின் முதல் பதிவை அவளுக்குப் படிக்கக் கொடுத்தேன். புத்தகத்தை முடித்த பிறகு அவருக்குத் தானே பதில் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

பீரோவின் அதே தட்டில் இன்னும் ஆறு புத்தகங்கள் இருந்தன. நான்கைப் பார்த்தவுடன் காரணத்தை ஊகிக்க முடிந்தது. ஐந்தாவது கிழிந்து போன ஒரு வரலாற்று நூல். ஆறாவது சமையல் புத்தகம். செட்டிநாட்டுக் குழம்பு வகைகள் பற்றியது. இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டேன். நூலகர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தான் வருவதற்கு முன்பிருந்தே உள்ளே இருப்பதாகச் சொல்லி, மறுபடியும் அந்தத் தட்டிலேயே வைத்துப் பூட்டினார்.